துபாயில் இருப்பவரை இங்கே ஒப்படைக்க என்னென்ன விதிகள்?

கேட்டவர்: தேவகோட்டைப் பெண்

எல்லோருக்கும் வணக்கம். எனக்குச் சட்டம் தெரியாது. மருந்துக் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். அப்பா அரசுப் பேருந்தில் முப்பத்தொரு வருஷம் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுப் பணத்தில் எட்டு லட்சத்தை எங்கள் பக்கம் கிளை திறந்த ஒரு நிதி நிறுவனத்தில் 2021-இல் போட்டார். லட்சத்துக்கு மாதம் எட்டாயிரம் என்றார்கள். ஏழு மாதம் தேதி தவறாமல் வந்தது. எட்டாவது மாதம் ஷட்டர் இறங்கிவிட்டது. எங்கள் தெருவில் மட்டும் பதினோரு வீட்டுப் பணம் அதில் இருக்கிறது.

நிறுவனத்தை நடத்தியவர் துபாய்க்குப் போய்விட்டார். 2022-இல் வழக்குப் பதிந்தார்கள். மதுரையில் உள்ள சிறப்பு நீதிமன்றத்தில் குற்றப்பத்திரிகை தாக்கல் ஆகிவிட்டது. ஆளைப் பற்றிக் கேட்டால் மட்டும் இரண்டு வருஷமாக ஒரே பதில். "ரெட் கார்னர் நோட்டீஸ் கொடுத்தாச்சு, நாடு கடத்தக் கோரிக்கை போயிருக்கு."

கோரிக்கை போயிருக்கிறது என்றால் என்ன அர்த்தம்? இந்தியாவுக்கும் அந்த நாட்டுக்கும் ஒப்பந்தம் இருக்கிறது என்கிறார்கள். அப்படியானால் கேட்டவுடன் ஏன் அனுப்பவில்லை? ஊரில் ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து கொண்டு வந்தால் தண்டனையைக் குறைத்துவிடுவார்கள் என்கிறார் ஒருவர். ஆள் மட்டும் இங்கே வரட்டும், அப்புறம் எத்தனை வழக்கு வேண்டுமானாலும் போடலாம் என்கிறார் இன்னொருவர். எது சரி?

அப்பா தினமும் பேப்பரில் அந்த ஆளின் பெயரைத் தேடுகிறார். அவருக்கு உண்மையான ஒரு பதிலாவது சொல்ல வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: ஓய்வு பெற்ற ஆய்வாளர்

அம்மா, நான் காவல் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். கடைசி ஆறு வருஷம் பண மோசடி வழக்குகள்தான் பார்த்தேன். வளைகுடாவுக்கு ஓடிய ஒருவரை ஒப்படைக்கச் சொல்லும் கோரிக்கையை என் கையாலேயே தயாரித்தேன். அது மூன்று முறை திரும்பி வந்தது. நான் கற்றதெல்லாம் அந்த மூன்று முறையில்தான். அதை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் அந்த வார்த்தை. நம் பேப்பர்களில் "நாடு கடத்தல்" என்ற ஒரே சொல்லை இரண்டு வேறு காரியங்களுக்கு எழுதுகிறார்கள். ஒரு நாடு தனக்கு வேண்டாத அயல்நாட்டுக்காரரைத் தன் குடியேற்றச் சட்டப்படி வெளியேற்றுவது ஒன்று. இன்னொரு நாடு "இவர் எங்கள் சட்டப்படி குற்றம் சாட்டப்பட்டவர், கொடுங்கள்" என்று முறைப்படி கேட்டு, அதை அந்த நாட்டு நீதிமன்றம் பார்த்து, அந்த நாட்டு அரசு கையில் கொடுப்பது வேறு. இரண்டாவதற்கு "ஒப்படைப்பு" என்ற சொல்தான் பொருந்தும். உங்கள் வழக்கில் கேட்டிருப்பது அதுதான். விதிகள் எல்லாம் அதற்குத்தான்.

ரெட் கார்னர் நோட்டீஸைப் பெரிதாக நம்ப வேண்டாம். இன்டர்போல் மூலம் உறுப்பு நாடுகளுக்குப் போகும் தகவல் அது. பிடிவாரண்ட் இல்லை. அதைப் பார்த்துக் கைது செய்வதா வேண்டாமா என்பதை ஒவ்வொரு நாடும் தன் சட்டப்படிதான் முடிவு செய்யும். ஆள் இருக்கும் இடம் தெரிய அது உதவும். ஆளைக் கொண்டுவருவது கோரிக்கைதான்.

கோரிக்கை என்றால் ஒற்றைக் கடிதம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு பெரிய கட்டு. நீதிமன்றம் போட்ட பிடிவாரண்ட், குற்றப்பத்திரிகை, சாட்சிகளின் வாக்குமூலம், எந்தெந்தச் சட்டப்பிரிவு என்பதோடு அந்தப் பிரிவுகளின் முழு வாசகம், ஆளின் அடையாளம், இவ்வளவையும் தொகுத்துச் சொல்லும் பிரமாணப் பத்திரம். மாநில அரசு வழியாக டெல்லியில் வெளியுறவு அமைச்சகத்துக்குப் போகும். அங்கே தூதரகங்களையும் பாஸ்போர்ட்டையும் கவனிக்கும் பிரிவுதான் இதையும் பார்க்கிறது. சரியாக இருந்தால்தான் தூதரகம் வழியாக அடுத்த நாட்டுக்குப் போகும். துபாய் இருக்கும் எமிரேட்ஸ் நாட்டுக்கு என்றால் அரபு மொழிபெயர்ப்பும் வேண்டும். "கோரிக்கை போயிருக்கு" என்பதற்கு இந்தப் பாதையில் எந்தப் படியும் அர்த்தமாகலாம். மாவட்டத் தலைநகரைத் தாண்டாமலே கூட அப்படிச் சொல்வார்கள்.

என் கட்டு முதல் முறை திரும்பியது பெயரால். நம் ஊரில் இனிஷியலும் பெயரும்தான். எஃப்.ஐ.ஆரில் ஒரு இனிஷியல், குற்றப்பத்திரிகையில் இரண்டு, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக முழுசாக. மூன்றும் ஒரே ஆள் என்று நமக்குத் தெரியும். துபாயில் உட்கார்ந்திருக்கும் நீதிபதிக்கு மூன்று ஆட்கள். இரண்டாவது முறை, நாற்பது பக்கத்துக்கு மேல் நீதிமன்ற முத்திரை விழவில்லை. இரண்டுமே என் தப்பு. இரண்டு முறையும் சேர்த்து ஒரு வருஷம் போனது. பணம் போட்டவர்களில் இரண்டு பேர் அந்த வருஷத்தில் இறந்தார்கள். அது இன்னும் மனதில் நிற்கிறது.

மூன்றாவது முறை வந்த கேள்விதான் சட்டக் கேள்வி. "இந்தச் செயல் இரண்டு நாட்டிலும் குற்றமா?" இதை இரட்டைக் குற்றத்தன்மை என்கிறார்கள். இந்தியா-எமிரேட்ஸ் ஒப்பந்தம் 1999-இல் கையெழுத்தானது. அதன்படி, இரண்டு நாட்டுச் சட்டத்திலும் குறைந்தது ஒரு வருஷம் சிறை விழக்கூடிய குற்றமாக இருக்க வேண்டும். பிரிவின் பெயர் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. செய்த செயல் அங்கேயும் குற்றமாக இருந்தால் போதும்.

நமக்குச் சிக்கல் இங்கேதான். தமிழ்நாட்டில் 1997-இல் வந்த டி.என்.பி.ஐ.டி. சட்டப்படி, அதாவது நிதி நிறுவனங்களில் பணம் போட்டவர்களைப் பாதுகாக்கும் சட்டப்படி, வாங்கிய டெபாசிட்டைத் திருப்பித் தராததே குற்றம். பத்து வருஷம் வரை சிறை. நல்ல சட்டம். ஆனால் வெளியே இருந்து பார்ப்பவருக்கு, "கடன் வாங்கினார், திருப்பவில்லை, இது சிவில் விவகாரம்" என்று தோன்றலாம். நான் முதலில் எழுதியிருந்ததும் அப்படித்தான் இருந்தது. இத்தனை பேர், இத்தனை கோடி, திருப்பித் தரவில்லை. மூன்றாவது முறை மாற்றி எழுதினேன். பணம் வாங்கும்போதே பொய் சொல்லி வாங்கினார், சொன்ன தொழில் எதுவும் நடக்கவில்லை, புதிதாக வந்தவர் பணத்தை எடுத்துப் பழையவருக்கு வட்டியாகக் கொடுத்தார், எந்தத் தேதியில் எந்தக் கணக்கிலிருந்து எங்கே போனது. பொய் சொல்லிப் பணம் பறிப்பது எந்த நாட்டிலும் குற்றம். அது கடல் தாண்டும்.

பெரிய நாடுகளுக்குள்ளும் இதே கதைதான். இயன் நோரிஸ் என்ற பிரிட்டிஷ் கம்பெனித் தலைவரை, போட்டிக் கம்பெனிகளோடு ரகசியமாகப் பேசி ஒரே விலையை நிர்ணயித்துக்கொண்டார் என்று அமெரிக்கா கேட்டது. 2008-இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை மறுத்தது, அப்போது அங்கே அதுதான் உச்ச நீதிமன்றம். அவர் அதைச் செய்ததாகச் சொல்லப்பட்ட காலத்தில் வெறுமனே விலை பேசிக்கொள்வது பிரிட்டனில் குற்றமே இல்லை. ஆனால் விசாரணையைத் தடுக்கச் சாட்சிகளைத் தயார்படுத்தினார் என்ற குற்றச்சாட்டும் அதே கோரிக்கையில் இருந்தது. அது இரண்டு நாட்டிலும் குற்றம். 2010-இல் அதற்காக அனுப்பப்பட்டார், 18 மாதச் சிறையும் கிடைத்தது. அந்த இரண்டாவது குற்றச்சாட்டை எழுதாமல் விட்டிருந்தால் ஆள் வீட்டில் இருந்திருப்பார்.

எந்தத் தேதியில் குற்றமாக இருந்தது என்பதும் கணக்கு. சிலியின் முன்னாள் சர்வாதிகாரி பினோசேயை 1998-இல் லண்டனில் பிடித்து வைத்தார்கள். ஸ்பெயின் கேட்டது. வெளிநாட்டில் நடந்த சித்திரவதை பிரிட்டனில் குற்றமானது 1988 செப்டம்பர் 29-இல்தான் என்று சொல்லி, அதற்கு முந்திய குற்றச்சாட்டுகளில் பெரும்பகுதியை 1999-இல் நீதிபதிகள் தள்ளிவிட்டார்கள்.

இப்போது உங்கள் ஊர்க்காரர் சொன்னது. "வந்ததும் எத்தனை வழக்கு வேண்டுமானாலும் போடலாம்." தப்பு அம்மா. எந்தக் குற்றத்துக்காகக் கேட்டு வாங்கினோமோ அதற்கு மட்டும்தான் விசாரிக்கலாம். இதற்கு ஸ்பெஷாலிட்டி விதி என்று பெயர். நம் ஒப்படைப்புச் சட்டம் 1962-இலும் 21-ஆம் பிரிவாக இருக்கிறது. நிரூபிக்கப்பட்ட அதே சம்பவங்களிலிருந்து தெரியவரும் சிறிய குற்றத்துக்கு விசாரிக்கலாம். கொடுத்த நாடு சம்மதித்தால் வேறு குற்றத்துக்கும் விசாரிக்கலாம். மற்றபடி அவரைத் திரும்பிப் போக விட்ட பிறகுதான்.

அபு சலேம் வழக்கைப் பாருங்கள். 1993 மும்பை குண்டுவெடிப்பு வழக்கில் தேடப்பட்டவர், 2002 செப்டம்பரில் லிஸ்பனில் பிடிபட்டார். போர்ச்சுகலில் தூக்கும் கிடையாது, ஆயுள் சிறையும் கிடையாது. அதனால் அப்போதைய துணைப் பிரதமர் அத்வானி அந்த டிசம்பரில் எழுத்தில் உறுதி கொடுத்தார். மரண தண்டனை கிடையாது, 25 வருஷத்துக்கு மேல் சிறையும் கிடையாது. 2005 நவம்பரில்தான் கொடுத்தார்கள். இங்கே வந்தபின் கோரிக்கையில் இல்லாத குற்றச்சாட்டுகளையும் சேர்த்தார்கள். வாக்கை மீறிவிட்டீர்கள் என்று போர்ச்சுகல் நீதிமன்றங்கள் 2011-12-இல் ஒப்படைப்பையே ரத்து செய்தன. அந்த உத்தரவு நம்மைக் கட்டுப்படுத்தாது என்றது நம் உச்ச நீதிமன்றம். ஆனாலும் கூடுதல் குற்றச்சாட்டுகளைத் திரும்பப் பெற சி.பி.ஐ.யே அனுமதி கேட்க வேண்டி வந்தது. 2013-இல் அனுமதி கிடைத்தது. 2017-இல் ஆயுள் தண்டனை. 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது தெரியுமா? நீதிமன்றம் சட்டப்படி ஆயுள் விதிக்கலாம், ஆனால் 25 வருஷம் முடிந்ததும் மத்திய அரசு கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும். இருபது வருஷத்துக்கு முந்திய ஒரு கடிதம்.

தண்டனை குறையும் என்ற பேச்சு இதிலிருந்துதான் வந்திருக்கும். உங்கள் வழக்கில் தூக்கும் இல்லை, அதிகபட்சம் பத்து வருஷம் போன்ற தண்டனைகள். அப்படி எந்த உறுதியும் யாரும் கேட்கப் போவதில்லை. அப்பாவிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்க வேண்டியது "ஆள் எப்போது வருவார்" என்று அல்ல. "கோரிக்கையில் என்ன எழுதியிருக்கிறீர்கள்" என்று கேளுங்கள். எந்தப் பிரிவுகள், எத்தனை புகார்தாரர்கள், ஆளின் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது. பெட்டியில் போடாமல் விட்டதை அங்கே போய் எடுக்க முடியாது.

பதில்: மாட்டுத்தாவணி

படிக்கப் படிக்க வயிறு எரிகிறது. ஏமாற்றியவனுக்கு இத்தனை பாதுகாப்பா? என் மாமனார் மூன்று லட்சம் இதே மாதிரி ஒன்றில் விட்டார். பாஸ்போர்ட்டை ரத்து செய்தால் அந்த நாட்டில் இருக்க முடியாதே. வெளியேற்றிவிட மாட்டார்களா? அதுவும் இல்லையென்றால் நாலு பேரை அனுப்பித் தூக்கி வர வேண்டியதுதான். இஸ்ரேல் செய்யவில்லையா?

பதில்: டெல்லியில் வழக்கறிஞர்

அண்ணா, கோபம் எனக்குப் புரிகிறது. நான் டெல்லியில் ஒன்பது வருஷமாகக் குற்றவியல் வழக்குகள் நடத்துகிறேன். சொந்த ஊர் நெய்வேலி. ஒப்படைப்பு வழக்குகளில் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

பாஸ்போர்ட் ரத்தை இந்தியா செய்து பார்த்திருக்கிறது. 2016 ஏப்ரலில் விஜய் மல்லையாவின் பாஸ்போர்ட்டை ரத்து செய்து, வெளியேற்றுங்கள் என்று பிரிட்டனைக் கேட்டார்கள். உள்ளே வரும்போது பாஸ்போர்ட் செல்லுபடியாக இருந்தது, இப்போது ரத்தானதற்காக எங்கள் சட்டப்படி வெளியேற்ற முடியாது, வேண்டுமானால் ஒப்படைப்புக் கோரிக்கை அனுப்புங்கள் என்று பதில் வந்தது. அனுப்பினார்கள். 2018 டிசம்பரில் கீழ் நீதிமன்றம் அனுப்பலாம் என்றது. மும்பை ஆர்தர் ரோடு சிறையில் அவரை வைக்கப்போகும் பன்னிரண்டாம் எண் கட்டடத்தை வீடியோ எடுத்து அனுப்பி நீதிபதிக்குக் காட்ட வேண்டியிருந்தது. 2020-இல் மேல்முறையீடும் தோற்றது. அதற்குப் பிறகும் வருஷக்கணக்கில் அவர் அங்கேயேதான் இருந்தார். வளைகுடா நாடுகளில் வெளியேற்றம் சில நேரம் சீக்கிரம் நடப்பது உண்டு. ஆனால் அது அவர்கள் விருப்பம். கேட்டுப் பெறும் உரிமை நமக்கு இல்லை.

சிறை விஷயத்தை லேசாக நினைக்க வேண்டாம். 2025 பிப்ரவரியில் லண்டன் உயர் நீதிமன்றம் ஆயுதத் தரகர் சஞ்சய் பண்டாரி வழக்கில் இந்தியாவின் கோரிக்கையைத் தள்ளியது. திகார் சிறையில் அவரை மிரட்டிப் பணம் பறிக்கும் ஆபத்து உண்மையிலேயே இருக்கிறது என்பது ஒரு காரணம். இதற்கு வேர் 1989-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் சொன்ன சோரிங் தீர்ப்பு. கொலைக் குற்றம் சாட்டப்பட்ட ஒரு ஜெர்மன் இளைஞரை பிரிட்டன் அமெரிக்காவின் வர்ஜீனியாவுக்கு அனுப்ப இருந்தது. மரண தண்டனைக்காக வருஷக்கணக்கில் காத்துக் கிடக்க வைப்பதே மனிதத்தன்மையற்ற கொடுமை, அங்கே அனுப்பினால் அனுப்பும் நாடும் பொறுப்பு என்றார்கள். மரண தண்டனை இல்லை என்ற உறுதி வந்த பிறகுதான் அனுப்பினார்கள். அவர் ஆயுள் தண்டனை பெற்றார், தப்பித்துவிடவில்லை. நம் சிறைகளைச் சரி செய்தால் நம் கோரிக்கைகள் ஜெயிக்கும். இதை நான் மனதாரச் சொல்கிறேன்.

தூக்கி வருவது பற்றி. 1960-இல் நாஜி அதிகாரி ஐக்மனை அர்ஜென்டினாவிலிருந்து இஸ்ரேல் கடத்தியது உண்மை. 1992-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், மெக்ஸிகோவிலிருந்து கடத்தி வந்த ஒரு டாக்டரை விசாரிக்கலாம் என்றது. அடுத்த வருஷமே பிரிட்டனின் பிரபுக்கள் சபை பென்னட் என்பவரின் வழக்கில், ஒப்படைப்பு முறையை மீறி ஆளைக் கொண்டு வந்திருந்தால் விசாரணையையே நிறுத்தலாம் என்றது. எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று யோசிக்கும்போது எனக்கு 1910 ஜூலை ஞாபகம் வரும். லண்டனில் பிடித்த சாவர்க்கரை ஆங்கிலேயர்கள் கப்பலில் கொண்டு வந்தார்கள். மார்செய் துறைமுகத்தில் அவர் கப்பலின் சன்னல் வழியாகக் கடலில் குதித்து, நீந்திக் கரையேறி, பிரெஞ்சு மண்ணில் ஓடினார். ஒரு பிரெஞ்சுக் காவலர் பிடித்து ஆங்கிலேயர் கையிலேயே கொடுத்துவிட்டார். எங்கள் மண்ணில் பிடித்தவரை முறையில்லாமல் கொண்டுபோய்விட்டீர்கள், திருப்பிக் கொடுங்கள் என்று பிரான்ஸ் கேட்டது. ஹேக் நடுவர் மன்றம் 1911-இல், முறைகேடு இருந்தாலும் திருப்ப வேண்டியதில்லை என்றது. சாவர்க்கரின் அரசியல் யாருக்குப் பிடிக்கிறதோ இல்லையோ, அந்தத் தீர்ப்பு தவறு என்றுதான் நான் நினைக்கிறேன்.

அதே காலத்தில் நம் பக்கத்தில் பாண்டிச்சேரி இருந்தது. பாரதி 1908-இல் அங்கே போனார். அரவிந்தரும் வ.வே.சு. ஐயரும் 1910-இல் வந்தார்கள். ஆங்கிலேயப் போலீஸ் ஒற்றர்களை வைத்துத் தெருத்தெருவாகப் பார்த்துக்கொண்டிருந்ததே தவிர உள்ளே வந்து கைவைக்க முடியவில்லை. அது பிரெஞ்சு மண். அரசியல் குற்றத்துக்காக ஒருவரை ஒப்படைப்பதில்லை என்பது அப்போதே ஐரோப்பாவில் வேரூன்றியிருந்த விதி. 1890-களின் தொடக்கத்தில் லண்டன் நீதிமன்றம் காஸ்டியோனி வழக்கில் சொன்னதும் அதுதான், சுவிட்சர்லாந்தில் நடந்த ஒரு கிளர்ச்சியில் கொலை செய்தவரைக் கூட அனுப்ப மறுத்தார்கள். பாரதி பத்து வருஷம் கழித்து, 1918 நவம்பரில் எல்லையைத் தாண்டியதும் கடலூர் அருகே கைதானார். அந்தப் பத்து வருஷத்தில் அவர் எழுதியவை நமக்குத் தெரியும். அரசியல் குற்றத்துக்கான விதிவிலக்கு இன்றும் நம் சட்டத்தில் 31-ஆம் பிரிவில் இருக்கிறது. பண மோசடிக்காரர்கள் அதன் பின்னால் ஒளிய முடியாது. ஆனால் அதற்காக வேலியையே பிடுங்கச் சொல்லாதீர்கள் அண்ணா.

ஆய்வாளர் ஐயா சொன்னதில் ஒரு சின்னத் திருத்தம். ஸ்பெஷாலிட்டி விதி எல்லா ஒப்பந்தத்திலும் ஒரே மாதிரி எழுதப்படவில்லை. எமிரேட்ஸ் ஒப்பந்தத்தின் 17-ஆம் பிரிவு, கேட்ட குற்றத்தோடு "தொடர்புடைய" குற்றங்களையும் அனுமதிக்கிறது. 2018 டிசம்பரில் துபாயிலிருந்து கொண்டுவரப்பட்ட கிறிஸ்டியன் மிஷெல், ஹெலிகாப்டர் ஊழல் வழக்கில் சேர்த்த புதிய பிரிவுகளை எதிர்த்தபோது, 2023-இல் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவைக் காட்டித்தான் ஏற்க மறுத்தது. தேவகோட்டைத் தங்கைக்கு இது சாதகம்.

பதில்: தேவகோட்டைப் பெண்

எல்லோருக்கும் நன்றி. அப்பாவுக்கு முழுசாகப் படித்துக் காட்டினேன். பாண்டிச்சேரி பகுதியை இரண்டு முறை படிக்கச் சொன்னார்.

ஆய்வாளர் ஐயா, நீங்கள் சொன்னபடி வக்கீல் மூலம் குற்றப்பத்திரிகை நகல் வாங்கினோம். இந்திய தண்டனைச் சட்டத்தின் 406 (நம்பிக்கை மோசடி), 420 (ஏமாற்றுதல்), 120-பி (கூட்டுச் சதி), அப்புறம் டி.என்.பி.ஐ.டி. 5-ஆம் பிரிவு. புகார்தாரர்கள் 214 பேர். ஆனால் புதுக்கோட்டைப் பக்கத்துக் கிளையில் போட்டவர்கள் குற்றப்பத்திரிகைக்குப் பிறகுதான் புகார் கொடுத்தார்கள். முந்நூறு பேருக்கு மேல் இருப்பார்கள். அவர்கள் கோரிக்கையில் வருவார்களா? இன்னொன்று, அந்த ஆள் ஏதோ ஒரு தீவு நாட்டின் பாஸ்போர்ட் வாங்கிவிட்டார் என்று பேச்சு. அப்படியானால் கதை முடிந்ததா? கடைசியாக, ஆள் வராவிட்டால் பணமே வராதா?

பதில்: ஓய்வு பெற்ற ஆய்வாளர்

வழக்கறிஞர் அம்மாவின் திருத்தம் சரி. அந்த ஒப்பந்தத்தின் வாசகத்தை நான் அந்த அளவுக்குப் பார்க்கவில்லை.

பாஸ்போர்ட் பேச்சைக் கேட்டுப் பயப்பட வேண்டாம் அம்மா. எமிரேட்ஸ் ஒப்பந்தத்தில் தன் சொந்தக் குடிமக்களைக் கொடுப்பதில்லை என்று இருக்கிறது. அப்போதும் அங்கேயே வழக்கு நடத்த வேண்டும் என்பது ஏற்பாடு. மூன்றாவது நாட்டுப் பாஸ்போர்ட் அங்கே அவரைக் காப்பாற்றாது. மிஷெல் பிரிட்டிஷ்காரர், வந்தார். 2025 ஏப்ரலில் அமெரிக்காவிலிருந்து வந்த தஹாவூர் ராணா கனடாக்காரர். அவர் இன்னொரு வாதமும் வைத்தார். சிகாகோவில் ஏற்கெனவே மும்பைத் தாக்குதல் வழக்கில் விடுதலையாகிவிட்டேன், ஒரே குற்றத்துக்கு இரண்டு முறை விசாரிக்கக் கூடாது என்றார். சம்பவம் ஒன்றாக இருக்கலாம், இந்தியா சுமத்தும் குற்றத்தின் கூறுகள் வேறு என்று அமெரிக்க நீதிமன்றம் தள்ளிவிட்டது. அங்கேயும் எழுதிய விதம்தான் காப்பாற்றியது.

புதுக்கோட்டைக்காரர்கள்தான் எனக்குக் கவலை. "தொடர்புடைய குற்றம்" என்று பின்னால் வாதாடலாம், உண்மை. ஆனால் அந்த வாதத்துக்கே உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருக்கும். ஆள் இன்னும் அங்கேதானே இருக்கிறார்? அப்படியானால் இப்போதே செய்ய வழி இருக்கிறது. அவர்கள் புகாரையும் சேர்த்துக் கூடுதல் குற்றப்பத்திரிகை போட வேண்டும். அதை வைத்துக் கோரிக்கையோடு கூடுதல் ஆவணமாக அனுப்பச் சொல்லி எல்லோரும் கையெழுத்திட்டு விசாரணை அதிகாரிக்கு மனு கொடுங்கள், நகலை அரசு வழக்கறிஞருக்கும் கொடுங்கள். ஆளைக் கொடுத்த பிறகு சேர்ப்பதைவிட இது ஆயிரம் மடங்கு சுலபம்.

பணத்துக்கு ஆள் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. இதைத்தான் நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். டி.என்.பி.ஐ.டி. சட்டத்தில் சொத்தை முடக்குவது தனி வழி. அரசு முதலில் இடைக்கால முடக்க ஆணை போடும். பெரும்பாலும் மாவட்ட வருவாய் அலுவலர்தான் அதற்கான அதிகாரி. அவர் சிறப்பு நீதிமன்றத்தில் மனுப் போட்டு அதை நிரந்தரமாக்க வேண்டும். பிறகு ஏலம், பிறகு போட்டவர்களுக்கு விகிதப்படி பிரித்துக் கொடுப்பது. ஆள் துபாயில் இருந்தாலும் இது நடக்கும். அரசாணை வந்துவிட்டதா, நிரந்தரமாக்கும் மனு எந்த நிலையில் இருக்கிறது, உங்கள் அப்பா பெயரும் தொகையும் பட்டியலில் சரியாக இருக்கிறதா, இந்த மூன்றையும் கேளுங்கள். முழுத்தொகை வரும் என்று நான் சொல்ல மாட்டேன். என் வழக்குகளில் வந்ததில்லை.

பதில்: தேவகோட்டைப் பெண்

ஐயா, புதுக்கோட்டையில் ஒரு டீச்சர் அம்மா பொறுப்பெடுத்து 187 பேரிடம் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். வியாழக்கிழமை எல்லோரும் மதுரை போகிறோம்.

நேற்று ராத்திரி அப்பா குற்றப்பத்திரிகையையும் கம்பெனி கொடுத்த பழைய பத்திரத்தையும் பக்கத்தில் வைத்துக் கண்ணாடி போட்டு ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தார். டிக்கெட் கணக்குப் பார்த்த பழக்கம். குற்றப்பத்திரிகையில் அந்த ஆளுக்கு ஒரு இனிஷியல். அவரே கையெழுத்துப் போட்ட பத்திரத்தில் இரண்டு. அவருடைய அப்பா பெயரிலும் ஒரு எழுத்து வேறு. இரண்டு பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுத்து, வித்தியாசத்தைச் சிவப்பு மையில் வட்டமிட்டு மனுவோடு பின் அடித்து வைத்திருக்கிறார். வாரண்டில் எப்படி இருக்கிறது என்று வியாழக்கிழமை பார்த்துவிட்டு எழுதுகிறேன்.